ஓடைப் பக்கம் திரும்பிய தடம்

சைக்கிள் தடங்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பதினேழாம் தடத்தின் மூன்றாவது வளைவில், ஓடைப் பக்கம் யாரும் இறங்காதபடி அவள் குறுக்கே போட்டிருந்த மரக்கட்டை மறுபடியும் ஓரமாகக் கிடந்தது. இது நான்காவது நாள். புதிய டயர்த் தடங்கள் வளைவைவிட்டு விலகி, ஓடைப் பக்கத்துப் புதருக்குள் இறங்கியிருந்தன. அவள் கட்டையை இழுத்து மறுபடியும் குறுக்கே போட்டாள்.

அந்த மலை விடுதி பனிச்சறுக்குக்காகவே கட்டப்பட்டது. கொட்டுகிற காலத்தில் பனி கொட்டியது. விடுதிக்காரர்கள் தலைகால் தெரியாமல் ஆடினார்கள். பிறகு பனி வருடா வருடம் டிமிக்கி கொடுக்க, அறைகள் காலியாகி, முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து, ஒரு கோடையில் இரண்டு கிறுக்கர்கள் சைக்கிளைக் கட்டிக்கொண்டு கம்பிவடத்தில் தொங்கி மலையேறும் லிஃப்ட் நாற்காலியில் ஏறி, உச்சியிலிருந்து தடதடவென்று இறங்கினார்கள். ஊரே சிரித்தது. அடுத்த வருடம் நாற்காலிகளுக்குப் பின்னால் சைக்கிள் மாட்டக் கொக்கி வந்தது. இன்று முப்பத்தொரு தடங்கள். பனிச்சறுக்கு சொல்லிக்கொடுத்த அவள் அப்பாவே இப்போது பட்டறையில் பிரேக் மாற்றுகிறார். தடம் போகாத இடம் ஓடைச் சரிவு ஒன்றுதான். கேட்கும்போதெல்லாம் "பாறை உருளும்" என்று எழுதிக் கொடுத்துத் தடுத்தவள் அவள்.

பாறையாவது மண்ணாவது! இருபத்தாறு வருடங்களுக்கு முன், பத்தொன்பது வயதில், பனி சரியும் என்று அந்தச் சரிவை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு அவள்தான் காவல். கம்பளிக் குல்லாவை இழுத்து மாட்டிக்கொண்டு அண்ணன் வந்து "ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினான். கயிற்றைத் தூக்கிவிட்டாள். அரை மணிக்குள் ஓடைப் பக்கம், ஏரிப் பக்கம் என்று மலையின் இரு பக்கமும் பனி சரிந்தது. எந்தப் பக்கம் போனான் என்று அப்பா கேட்டபோது, வேலை போய்விடுமே என்ற பயத்தில் "ஏரிப் பக்கம்" என்றாள். எப்படியும் இரண்டு பக்கமும் தேடுவார்கள் என்று நினைத்தாள். மூன்று நாள் ஏரிப் பக்கம் மட்டுமே தேடினார்கள். பிறகு ஏரி கொண்டுபோய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். பனி மூடிய நிமிடமே அவன் போயிருப்பான், உண்மையைச் சொல்லியிருந்தாலும் பிழைத்திருக்கமாட்டான் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருடம் அவளுக்குச் சோறு இறங்கியது.

புதருக்குள்ளிருந்து ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தாள்.

"இந்தப் பக்கம் ஏங்க திரும்புனீங்க?"

"ஒருத்தர் நின்னு கை காட்டுனாரே. உங்க ஆளுன்னு நினைச்சேன். இந்த வெயில்ல கம்பளிக் குல்லா வேற போட்டிருந்தாரு, பாவம்."

குல்லாவோடு வந்து கெஞ்சிய முகம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அண்ணனோடு பேச எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது அந்த வளைவில் தனியாக நிற்கவே பயமாக இருந்தது.

விடுதி மேனேஜருக்கோ வாயெல்லாம் பல். "ஜனங்களே வழி போட்டுக் கொடுத்துட்டாங்க. நாளைக்குக் காலைல மண் வெட்டுற வண்டி வருது. முப்பத்திரண்டாவது தடம்!"

இனி மறைக்க முடியாது. மண்ணை வெட்டும்போது அண்ணனைக் கண்டு வண்டிக்காரன் வந்து சொல்லி அப்பாவுக்குத் தெரியக் கூடாது. நேரே பட்டறைக்குப் போனாள்.

"அப்பா, கொஞ்சம் என்கூட வாங்க."

"கையெல்லாம் கிரீஸா இருக்கு. என்னம்மா அவசரம்?"

"வாங்கப்பா."

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடியே முன்னால் நடந்து, வளைவில் இறங்கினாள். டயர்த் தடங்கள் எல்லாம் ஒரு முள்புதரின் முன்னால் நின்றிருந்தன. அப்பா கிளையை விலக்கினார். இரண்டு பாறைகளுக்கு நடுவே இரண்டு பனிச்சறுக்குப் பலகைகள், பெருக்கல் குறி போல, நிமிர்ந்து நின்றன. சாயாமலிருக்க அடியில் கற்கள் அடுக்கப்பட்டிருந்தன. அது யாருடைய பலகை என்று அவருக்குத் தெரியும்; அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

"இது விழுந்து கிடந்ததில்லம்மா," என்றார் மெதுவாக. "அடிபட்டவன் இப்படித்தான் குத்தி வைப்பான். 'இங்க இருக்கேன், வாங்க'ன்னு அர்த்தம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான்தான்ப்பா கயித்தத் தூக்கிவிட்டேன். ஏரிப் பக்கம்னு சொன்னது பொய்ப்பா."

அவர் திட்டவில்லை. பலகைகளுக்குப் பக்கத்தில் போய், அண்ணன் உட்கார்ந்திருக்கக்கூடிய இடத்தில், முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே மலைமடிப்பின் இடைவெளியில் ஏரிச் சரிவு முழுதாகத் தெரிந்தது. கத்தினாலும் கேட்காத தூரம்.

"மூணு நாள் நாங்க அங்கதான் இருந்தோம்," என்றார். "விளக்கெல்லாம் வச்சுக்கிட்டு. அவன் எங்களப் பாத்துக்கிட்டே இருந்திருக்கான்."