பதினாறு நிமிடம்

அண்ணன் கொண்டுவந்த பெட்டியை மேஜையில் வைத்து சுவிட்சைப் போட்டதும், உள்ளே இருந்த சின்னத் தலையணை தன்பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்தது. கை அசைவிலேயே ஓடும் ஆட்டோமேட்டிக் கடிகாரத்தை அதில் மாட்டிவிட்டால் போதும், யாரும் கட்டாவிட்டாலும் நிற்காதாம். வைண்டர் என்று பெயராம். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் அதற்கு ஒரு சாமான் வாங்கிக் கொடுத்தால்தான் என் அண்ணனுக்கு மனசு ஆறும்.

"சும்மா நிறுத்தி வச்சா உள்ள எண்ணெய் இறுகிடும்மா. கழட்டி இதுல போடு."

கடிகாரம் என் கணவரின் இடது கையில் இருந்தது. இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டிய கை. அவர் ஸ்டீயரிங்கை வளைக்க வளைக்க அதுவும் ஓடியது. அதற்குச் சாவி கொடுத்து நான் பார்த்ததே இல்லை. பக்கவாதத்தில் அந்தக் கை விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவரே கேட்டு அதைக் கட்டிக்கொண்டார். இரண்டு நாளில் நின்றுவிட்டது. நாலு பத்து. அதோடு மூன்று மாதம் ஆகிவிட்டது.

"நிக்கிற வாட்ச கட்டிக்கிட்டு என்ன மாப்ள பண்ணப் போறீங்க?"

அவர் சுற்றுகிற தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெட்டி ஓட்டி எனக்கு என்ன மச்சான்? இந்தக் கை ஓட்டணும்."

அண்ணன் சுவிட்சை அணைத்தார். கை வரலாம், வராமலும் போகலாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். பெட்டிக்குள் கடிகாரம் ஓடினால், கை அசைந்ததா என்று எனக்கு யார் சொல்வார்கள்?

உடம்பு துடைத்துவிடும்போது என்ன ஜாக்கிரதையாகப் பிடித்தாலும் மணிக்கட்டு கொஞ்சம் அசையும், கடிகாரம் சற்று ஓடிவிட்டு நிற்கும். அது என் அசைவு, அவருடையது அல்ல. அதனால் அது நின்ற பிறகு முள்ளை நாலு பத்துக்கே திருப்பி வைத்துவிடுவேன். பைத்தியக்காரத்தனம்தான். வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்?

பத்து நாள் கழித்து ஒரு நடுப்பகல். மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வந்தேன். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. வழக்கம்போலக் குனிந்து பார்த்தேன்.

நாலு இருபத்தாறில் நின்றிருந்தது.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோள்கள் சுற்றுவதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தபோதுகூட எனக்கு இப்படிப் புல்லரித்ததில்லை. பதினாறு நிமிடம். நான் கீழே இல்லாத நேரத்தில், இந்தக் கைக்குள்ளிருந்து வந்த பதினாறு நிமிடம்.

சந்தேகமும் கூடவே வந்தது. "வலது கையால ஆட்டுனீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு சிவப்பு சிக்னலத் தாண்டியிருக்கேனா?" என்று சிரித்தார். பிறகு வலது கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "இப்ப பாரு."

பார்த்தேன். பற்களைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. கை மட்டும் மெத்தையில் அப்படியே கிடந்தது. போதும் விடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

மணிக்கட்டு முதலில் அசைந்ததா, விநாடி முள் முதலில் அசைந்ததா, எனக்குத் தெரியவில்லை. நாலு இருபத்தாறைத் தாண்டி முள் போய்க்கொண்டிருந்தது.