கைகள்: இரண்டு

அப்பாவின் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் நெலிதா பென்சிலைச் சீவினாள். சமையல் கத்திதான் கையில் இருந்தது. மரச்சுருள்கள் போர்வைமேல் விழ, ஹிலாரியோ அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டார்.

“போதும்டி. ரொம்பக் கூரா இருந்தா தாளைக் கிழிச்சிடும். நமுத்துப் போய்க் கெடக்கு.”

நமுத்துத்தான் கிடந்தது. ஜூலை மாதக் குளிரில் லிமாவின் மேட்டுத் தெருக்களில் எதுவும் காய்வதில்லை. கடல் பக்கமிருந்து ஏறிவரும் மூடுபனி ஒட்டுப்பலகைச் சுவர் வழியாகவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தீப்பெட்டி, உப்பு, தலையணை, நோட்டு எல்லாவற்றிலும் அதே சில்லிப்பு.

அம்மா ஃபெலிசா ஆக்சிஜன் உருளையை நிரப்பிவரக் கீழே போயிருந்தாள். வீட்டு வாசலிலிருந்து சாலைவரைக்கும் செங்குத்தான சிமெண்டுப் படிகள். வெறும் உருளையை அவளே தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். நிரம்பியதை ஏற்றிவரப் பக்கத்து வீட்டு சிப்ரியானோ கூடப் போயிருந்தார். கிளம்பும் முன் அம்மா நெலிதாவை அடுப்புப் பக்கம் இழுத்துக் காதோடு சொன்னாள்.

“மூஞ்சிலயே காட்டிக் குடுத்துடாத. தெரிஞ்சா இன்னிக்கே உசுர விட்டுடுவாரு.”

மருத்துவமனையில் டாக்டர் நெலிதாவையும் அம்மாவையும் தனியே கூப்பிட்டு, நுரையீரலில் இனி ஒன்றும் மிச்சமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சொன்ன நாளிலிருந்தே அம்மா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹிலாரியோவிடம், மருந்து கேட்கிறது, வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார்கள். அவர் தலையாட்டினார். “அப்ப ஆகஸ்டுக்கு ஏதாவது புதுசா யாவாரம் பாக்கணுமே,” என்றார். அம்மா சட்டென்று வெளியே போய்த் துணி அலசுவதுபோல வெறும் தண்ணீரை அலசினாள்.

“எழுது,” என்றார் ஹிலாரியோ. “புதுப் பக்கம்.”

அது ஒரு காலத்தில் நெலிதாவின் கணக்கு நோட்டு. பதின்மூன்று வயதில் அவள் பள்ளிக்கூடத்தை விட்டபோது பாதிக்குமேல் வெறும் தாளாக இருந்தது. ஹிலாரியோ அதைத் திருப்பிப் பின்னாலிருந்து ஆரம்பித்தார். இரவில் மார்க்கெட்டுக்குக் காவல், பகலில் இந்த நோட்டு. “சம்பளம் சோத்துக்கு. சோத்துக்கு மேல ஏதாவது வேணும்னா இதுதான்,” என்பார்.

ஒரு யோசனைக்கு ஒரு பக்கம். மேலே பெயர். அதன் கீழே, வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, என்ன வாங்க வேண்டும், எந்த இடத்தில் நிற்பது. பிறகு ‘கைகள்’. அதாவது எத்தனை பேர் வேண்டும். கடைசி வரி, ‘முதலில் சிரிக்கப்போவது’. முயன்று பார்த்துத் தோற்றதன்மேல் குறுக்காக ஒரு கோடு விழும். பக்கத்தைக் கிழிக்க மட்டும் விடமாட்டார். “கிழிச்சிட்டா மறுபடி அதே தப்ப பண்ணுவோம்ல?”

கோடு விழாத பக்கங்கள் குறைவு. கோடைக்குப் பழச்சாற்றுக் குச்சிஐஸ் போட்டார்கள். மின்சாரம் போய் எல்லாம் உருகி, மூன்று நாள் வீடே மாம்பழ வாடை அடித்தது. கறிக்கு விற்கக் கினிப்பன்றி வளர்த்தார்கள், ஒன்றுக்கு வந்த சீக்கு ஒரே வாரத்தில் கூண்டைக் காலி செய்தது. ஹிலாரியோ தன் கல்யாணக் கோட்டை, ஞானஸ்நானத்துக்கும் போட்டோவுக்கும் வாடகைக்கு விட்டார். அந்தப் பக்கத்தில் மட்டும் முதலில் சிரிக்கப்போவது என்ற இடத்தில் ஃபெலிசாவின் பெயர் இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் சிப்ரியானோதான். அவர் நெலிதாவின் ஞானத்தகப்பன். தெருவின் அந்தக் கோடியிலிருந்தே, “என்ன இன்ஜினியர், இன்னிக்கு எந்தப் பாலம் இடிஞ்சுது?” என்று குரல் கொடுப்பார்.

நிலைத்தது ஒன்றே ஒன்று, விடியற்காலை எமோலியென்தே என்ற மூலிகைக் கசாயம் விற்கும் வண்டி. பார்லியும் ஆளிவிதையும் புல்வேரும் கொதிக்கும் பானையோடு அப்பா வண்டியைத் தள்ளுவார். நெலிதா எலுமிச்சை பிழிந்து கோப்பையை நீட்டுவாள். வருகிறவர்களிடம் பேசுவது அப்பா. பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். காசு வாங்கும்போதுகூட அவர்கள் கையை மட்டும்தான் பார்ப்பாள். அவள் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து நோட்டில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கைகள்: இரண்டு. ஒன்று அவர், ஒன்று அவள்.

“பேரு சொல்லுங்கப்பா.”

“வாடகை முக்காலி.” மூச்சுக்காகக் காத்திருந்தார். “ஆஸ்பத்திரி வாசல்ல. விடியறதுக்கு முன்னாடியே சீட்டு வாங்க வரிசைல நிக்கிறாங்கல்ல. நான் நின்னேனே. உக்கார ஒரு கல்லு கெடையாது. கெழவிங்க எல்லாம் சுவத்தப் புடிச்சிட்டு.”

நெலிதா எழுதினாள்.

“நாற்காலி வேணாம். முக்காலி. பிளாஸ்டிக். ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கும். துணில சுத்தி முதுகுல கட்டிக்கலாம்.”

“வண்டில வெச்சுத் தள்ளலாமேப்பா.”

“வண்டி வேணாம். இந்தப் படியில வண்டிய ஒத்தையாளா ஏத்த முடியாது.”

பென்சில் நின்றது. அவள் நிமிரவில்லை.

“கூவ வேணாம்,” என்றார். “முக்காலியக் கீழ போட்டாப் போதும். நின்னு நின்னு கால் வலிக்கிறவங்க தானா வருவாங்க. வாயத் தெறக்கவே வேணாம். யாரு கூச்சப்பட்டாலும் செய்யலாம்.”

அடுப்பில் பால் பொங்கப்போகிற சத்தம் கேட்டது. நெலிதா எழவில்லை.

“கைகள்?” என்று கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் வரிசைப்படி அதுதான் அடுத்தது.

“ஒண்ணு,” என்றார் ஹிலாரியோ.

மூடுபனி தகரக் கூரைமேல் சேர்ந்து சொட்டாகி எங்கோ வாளியில் விழுந்தது. நெலிதா எழுதினாள். எழுத்து பெரியதாக, பிள்ளைகள் எழுதுவதுபோல அழுத்தமாக விழுந்தது.

“படி.”

“கைகள், இரண்டு.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. கினிப்பன்றிக் கூண்டு காலியான அன்று அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாரே, அதே பார்வை. இப்போது சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. எனக்குத் தெரியும்ப்பா, உங்களுக்கும் தெரியுமா என்று கேட்டுவிடலாம். அம்மாவின் குரல் காதில் இருந்தது.

“சரி,” என்றார் கடைசியில். “ரெண்டு. அப்ப இன்னொரு ஆளப் பாத்துக்க.” பிறகு, “பால் பொங்குது பாரு,” என்றார்.

அவள் எழுந்து பாலை இறக்கினாள். கோப்பையில் ஊற்றி, ஆறட்டும் என்று ஊதிக்கொண்டே திரும்பினாள். அடுத்த மூச்சுக்காகக் காத்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கோப்பையில் ஆடை படர்ந்தது.

படிகளில் சிப்ரியானோவின் குரல் ஏறிவந்தது. “இன்ஜினியர்! உன் காத்த எடுத்துட்டு வந்துட்டேன்யா. மனுஷன் முதுகே ஒடிஞ்சுது. அடுத்த பக்கத்துல பாரந்தூக்கி ஒண்ணப் பத்தி எழுது!” அவருக்குப் பின்னால் அம்மா வந்தாள். வாசலில் நின்ற நெலிதாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் எதையும் மறைக்கவில்லை. சிப்ரியானோ நிறைந்த உருளையை இறக்கி வைக்க இடம் தேடி, கடைசியில் அதைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

*

உடுத்திவிடும்போது அம்மா அவர் விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கையில் பென்சில் சுருள்கள் இருந்தன. என்ன என்பதுபோல நெலிதாவைப் பார்த்தாள். பிறகு அவற்றைத் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

கல்யாணக் கோட்டைத்தான் போட்டார்கள். அதோடு சேர்ந்த கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. வாடகைக்கு எடுத்த யாரோ ஒரு தொப்பைக்காரனுக்காகப் பிரித்துத் தைத்தது அப்படியே இருந்தது. சிப்ரியானோ ஊக்குகளை வாயில் கவ்விக்கொண்டு பின்பக்கம் மடித்துக் குத்தினார்.

“எவனுக்குடா விட்ட இத? காளை மாட்டுக்கா?” என்றார் செத்தவரிடம். அவருக்கே சிரிப்பு வந்தது. ஊக்குகளைத் துப்பிவிட்டு வாசலுக்குப் போய் நின்றார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

தெரு முழுக்க வந்தது. சவப்பெட்டியைச் சுற்றி ஊதா நிறத் திரை, நான்கு மூலையிலும் மெழுகுவர்த்தி. பெண்கள் காப்பியும் உப்பு பிஸ்கட்டும் நீட்டினார்கள். ஆண்கள் கோக்கா இலையை மென்றபடி சிகரெட் பிடித்தார்கள். எல்லோரிடமும் ஹிலாரியோவின் ஒரு தோல்வி இருந்தது. மாம்பழக் கதையைச் சொன்ன மனிதர் நடுவில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தார். இன்னொருத்தர், “அடுத்ததா என்ன வெச்சிருந்தான்?” என்று கேட்டார்.

அம்மா தலையைத் தூக்கினாள்.

“ஆமா. கடைசியா என்னவோ சொல்லிட்டிருந்தார்னு சொன்னியே. அதப் படி.”

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நெலிதா நோட்டை எடுத்துவந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள். அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். குரலைத் தாழ்த்தி அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி படித்தாள். முக்காலி. ஆஸ்பத்திரி வாசல். பிளாஸ்டிக், ஒன்றுக்குள் ஒன்று அடங்குவது. வண்டி வேண்டாம்.

“அப்புறம்?”

“கைகள், இரண்டு.”

அம்மா மூச்சை விட்டாள். பல வாரங்களாக அடக்கி வைத்திருந்த மூச்சு அது.

“ரெண்டுன்னா சொன்னாரு?”

நெலிதா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் எழுத்துதான். அழுத்தி எழுதியதில் பின்பக்கம் வரை தடித்திருந்தது.

“ஆமாம்மா.”

“அப்ப தெரியாது அவருக்கு,” என்றாள் அம்மா, பக்கத்திலிருந்த பெண்களிடம். “ஆகஸ்டுல மவளோட சேந்து போறதா நெனச்சிட்டுதான் போயிருக்காரு. பயப்படல. அது போதும்.” பெண்கள், கடவுள் புண்ணியம் என்றார்கள். ஒருத்தி அம்மாவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

அம்மா கொஞ்சநேரம் மெழுகு ஒழுகுவதைப் பார்த்தாள். பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

“அதான் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. போறோம்னு தெரியாதவரு என்னத்தச் சொல்லுவாரு. முப்பது வருஷம். நானும்தான் வாயத் தெறக்கல.”

நெலிதா வாயைத் திறந்தாள். சிப்ரியானோவின் மனைவி காப்பித் தட்டோடு நடுவில் குனிந்தாள். “சர்க்கரை போட்டதாம்மா, போடாததா?” அவள் நகர்ந்து போனபோது அம்மா எழுந்து, பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். நெலிதா நோட்டை மூடினாள்.

*

மேட்டுக் கல்லறையில் புதைத்தார்கள். ஐந்தாம் நாள் துணி அலசல்.

இவர்களைப்போல மலைநாட்டிலிருந்து இறங்கிவந்தவர்கள் யாரும் இதை விடமாட்டார்கள். செத்தவரின் துணிகளை வெளியாட்கள்தான் அலச வேண்டும். வீட்டார் தொடக்கூடாது. அங்கே ஆறு இருக்கும். இங்கே தண்ணீர் லாரி ஊற்றிவிட்டுப்போன நீல டிரம். சிப்ரியானோ சட்டைக் கையை மடித்துவிட்டு வாசலில் குத்துக்காலிட்டுத் துவைத்தார். அவர் மனைவி பிழிந்து கொடிகளில் போட்டாள். நல்லது எது, எரிக்க வேண்டியது எது என்று அந்திக்குள் பிரித்துவிட வேண்டும். அந்தியானது. ஒன்றும் காயவில்லை. காவல்வேலைக்குப் போட்டுப் போகும் பழுப்புக் கம்பளிச் சட்டையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஈரத்த எப்படி எரிக்கிறது?” என்றார் சிப்ரியானோ. “நாளைக்கி வந்து பாத்துக்கறேன். தங்கச்சி, நீ தொடாத.” கையைத் துடைத்துக்கொண்டு அவரும் மனைவியும் போனார்கள்.

நெலிதா மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தாள். அம்மா வெளியே போனாள். கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்தபோது கறுப்புத் துணிக்கு மேலே அந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். கைகள் விரல்நுனிக்கும் கீழே தொங்கின. ஓரத்திலிருந்து தண்ணீர் தரையில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தது.

“அம்மா. ஈரம்.”

“தெரியும்.”

அம்மா உட்கார்ந்து, சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, உருளைக்கிழங்குக் கூடையை மடியில் இழுத்தாள்.

“அம்மா,” என்றாள் நெலிதா மறுபடியும்.

“என்ன?”

அம்மாவின் கத்தி தோலைச் சுருளாக எடுத்துக்கொண்டு போயிற்று. முகத்தில் தூக்கமில்லாத அமைதி. நெலிதா அதையே பார்த்தாள்.

“இப்படி வந்து உக்காருங்க. அடுப்புப் பக்கமா.”

அம்மா நகரவில்லை. நெலிதா அடுப்பைத் தரையோடு இழுத்து அம்மாவின் முதுகுப் பக்கம் வைத்தாள். திரியை உயர்த்திவிட்டாள். சற்று நேரத்தில் பழுப்புக் கம்பளியிலிருந்து, முதலில் தோளில், பிறகு முதுகு முழுக்க, ஆவி மெல்ல எழ ஆரம்பித்தது.