தக்காளி நாற்றின் நடுவில்

எங்கள் தோட்டச் சங்கக் கொட்டகையில் ஓட்டெடுப்புக்காகப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். சதுப்பு நிலங்களைத் தோண்டி எடுக்கும் பீட் மண் நம் பாத்திகளுக்கு வேண்டாம் என்று இரண்டு வருடம் கத்திச் சம்மதிக்க வைத்தவள், செயலாளரான நான். இப்போது அது திரும்ப வர வேண்டும் என்கிறான் க்ளைவ், வெங்காயப் போட்டியில் ஒன்பது கோப்பை வாங்கியவன். அவன் நாற்றெல்லாம் அழுகிவிட்டது.

"உன் புது மண்ணோட லட்சணத்தப் பாரு, மவ்ரீன்!" என்று ஒரு தொட்டியை என் முன்னால் வைத்தான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தொட்டியைக் கவிழ்த்து அடிமண்ணைப் பிழிந்தேன். தண்ணீர் சொட்டியது.

"இந்த மண்ணு மேல காஞ்ச மாதிரிதான் தெரியும். பழைய பழக்கத்துல ஊத்தி ஊத்தி நீயே கொன்னுட்டு, மண்ணு மேல பழி போடுறியா?"

என் பக்கத்துப் பாத்திக்காரி ஐரிஸ் சிரித்தாள். க்ளைவ் சிரிக்கவில்லை. புது மண்ணில் வளர்த்து ஜன்னலோரம் நான் பெருமைக்கு வைத்திருந்த தக்காளிச் செடியை எடுத்தான்.

"அப்ப இதையும் பாத்துடலாம்."

"தாராளமா பாரு."

செடியை உருவி, வேரைச் சுற்றியிருந்த என் மண்ணை உதிர்த்தான். நடுவில் கட்டைவிரல் பருமனுக்குக் கறுப்பாக ஒரு கட்டி மிஞ்சியது. முகர்ந்து பார்த்தான்.

"பீட். நாத்து எங்க வாங்கின?"

வாங்கும்போது, எதில் வளர்த்த நாற்று என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

"சொல்லு தாயே, எல்லாரும் காத்திருக்காங்க."

"கடையில," என்றேன்.

பீட் வேண்டும் என்று முதலில் உயர்ந்தது ஐரிஸின் கை.