காருக்கு முன்னால் நடக்கிற வேலை

சரவணம்பட்டியைத் தாண்டி, விற்காத வீட்டுமனைகளுக்கு நடுவே போட்ட தார்ச்சாலையின் ஓரத்தில் மாரியாத்தாள் நின்றிருந்தாள். விசில் கேட்டால் குறுக்கே நடக்க வேண்டும். அதுதான் வேலை.

அவள் முதுகு இடுப்பிலிருந்து மடிந்திருந்தது. நடக்கும்போது ஒரு கையை முழங்காலில் ஊன்றிக்கொள்வாள். இந்த முதுகைப் பார்த்துக் களையெடுக்கக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. மேஸ்திரி சீனிவாசலுதான் இங்கே கொண்டுவந்து விட்டார். கூட வந்த பெண்களுக்கு நிமிர்ந்த நடை. கார் அவர்களை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டது. அவர்கள் இப்போது வருவதில்லை.

விசில் கேட்டது. தூரத்தில் வெள்ளைக் கார் புறப்பட்டது. சத்தமில்லை. டிரைவர் சீட்டில் ஆளில்லை. கூரைமேல் உருளை ஒன்று சுற்றியது. மாரியாத்தாள் நடந்தாள். கார் ஹாரன் அடித்தது. நிற்காமல், அவளைச் சுற்றிப் போக முன்சக்கரத்தைத் திருப்பியது. பம்பர் சேலையை உரசும்போது சடக்கென்று நின்றது.

குடைக்கு அடியில் இன்ஜினியர் லோகப்பிரியா ரிமோட்டின் சிவப்புப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"இன்னைக்கும் மாடுன்னுதாங்க சொல்லுது."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள். அவை சேர்ந்து ஒரு குனிந்த உருவம். அதைச் சுற்றி நீலப் பெட்டி.

"அதுக்கேதுங்க அம்மணி கண்ணு?" என்றாள் மாரியாத்தாள்.

"மேல சுத்துதில்லீங்களா, அது லைட்டு அடிக்கும். பட்டுத் திரும்பி வர்ற நேரத்த வெச்சு தூரத்தக் கணக்குப் போடும். அப்புறம் முன்ன பாத்த படங்களோட ஒப்பிட்டு, என்னன்னு சொல்லும். உங்கள மாதிரி நடக்கறவங்க படம் அதுகிட்ட இல்லீங்க."

"ஆளுக்கு நிக்கும், மாட்டுக்கு ஆரன் அடிக்கும். அதுவாச்சும் அடிக்குதேன்னு சந்தோசப்படு," என்றார் குடைக்குப் பக்கத்தில் நின்ற சீனிவாசலு.

"மாடுன்னா நீங்க தீவனம் போடோணுமுங்க மேஸ்திரி."

லோகப்பிரியா சிரித்தாள். மாரியாத்தாள் அவளைப் பார்த்துக் கேட்டாள்:

"கத்துக்கிச்சுன்னா?"

"உங்கள இடிக்காதுங்க."

"அதில்லீங்க. எனக்கு வேலை?"

லோகப்பிரியா குடையை வெயிலுக்குத் தோதாக நகர்த்தினாள்.

அதிலிருந்து நான்காம் நாள் கார் அறுபது அடி தள்ளியே நின்றது. ரிமோட் மேசைமேல் கிடந்தது. லோகப்பிரியா கைதட்டினாள்.

"இன்னொருக்கா நடக்கறேனுங்க," என்றாள் மாரியாத்தாள்.

இரண்டாவது முறை இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி நடந்தாள். கார் நின்றது. மூன்றாவது முறை கைகளைத் தரையில் வைத்தாள். தார் சுட்டது. நான்கு காலில் மெல்லக் குறுக்கே போனாள், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

கார் அறுபது அடியில் நின்றது. அவள் நடுச்சாலையில் அப்படியே இருந்தாள். அதுவும் இருந்தது. உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"எந்திரிங்கம்மா. இனி எப்படிப் போனாலும் உங்கள ஆளுன்னு சொல்லிரும்."

"நாளைக்கு வர வேண்டாம் மாரியாத்தா," என்றார் சீனிவாசலு.

அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த தாரை நகத்தால் சுரண்டினாள். லோகப்பிரியா கருவிப் பெட்டிகளை மூடியபடி கேட்டாள்:

"ஏனுங்க, வேற மாதிரி நகர்றவங்க யாராச்சும் தெரியுங்களா? இது இன்னும் பாக்காத மாதிரி?"

மாரியாத்தாள் சுரண்டுவதை நிறுத்தினாள்.

"என்ற ஊட்டுக்காரரு இருக்காருங்க. சர்க்கரையில ரெண்டு காலும் எடுத்தாச்சு. பலகையில உக்காந்துதான் நகருவாரு."

"எவ்வளவு உயரம் இருப்பாருங்க?"

மாரியாத்தாள் தரையிலிருந்து இரண்டு முழத்துக்குக் கையை உயர்த்திக் காட்டினாள்.

"கூட்டிட்டு வா," என்றார் சீனிவாசலு. "தள்ளிவிட ஆள் வேணுமில்ல. நீயும் வா."

மறுநாள் காலை அவள் கணவர் பாலுசாமியைச் சக்கரப் பலகையோடு சாலை நடுவே தள்ளிவிட்டு ஓரத்துக்கு வந்தாள்.

"ஆரு ஓட்டறது?" என்று அவர் கேட்டார்.

"ஆருமில்ல. நீங்க பாட்டுக்குப் போங்க."

விசில் கேட்டது. பாலுசாமி இரு கைகளாலும் தரையை உந்தினார். சக்கரம் கரகரத்தது. கார் புறப்பட்டு வந்தது. அவர் ஒரு கையைத் தூக்கி, கண்ணாடிக்குள் முகத்தைத் தேடினார்.

கார் ஹாரன் அடிக்கவில்லை. வேகம் குறையவில்லை. மாரியாத்தாள் திரும்பி லேப்டாப்பைப் பார்த்தாள். திரையில் சாலை காலியாக இருந்தது.