வண்டிச்சக்கரமும் கேஸ் அடுப்பும்

முன்னாள் எம்.எல்.ஏ. ஆஞ்சப்பன் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கிறார் என்ற செய்தி மத்திகிரி டீக்கடைக்கு வந்தபோது முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் சிரித்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அல்லவா இருக்கிறது என்றார்கள். அதுவும் கட்சி சார்பில் இல்லை, சுயேச்சையாக. சின்னம் கேஸ் அடுப்பு.

ஆஞ்சப்பனுக்கு ஊர் சிரிப்பது புதிதல்ல. முப்பத்தெட்டு வருஷம் ஒரே கட்சியில் இருந்து, வண்டிச்சக்கரம் சின்னத்தில் சட்டமன்றத்துக்கு ஐந்து முறை நின்றவர் அவர். முதல் தடவை டெபாசிட் போனது. இரண்டாம் தடவை தோற்றாலும் டெபாசிட் மிஞ்சியது. அதற்கே கட்சிக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள். மூன்றாம் தடவை அறுநூற்று இருபத்திரண்டு ஓட்டில் ஜெயித்தார். நான்காவதும் ஐந்தாவதும் மறுபடி தோல்வி. ஜெயித்த அந்த ஐந்து வருஷத்தில் உருப்படியாக அவர் செய்தது, கம்பெனி ஷிப்டு விட்டு வருகிறவர்களுக்காக ஓசூரிலிருந்து மத்திகிரிக்கு ஒரு டவுன் பஸ் விட வைத்தது. பஸ் இன்றும் ஓடுகிறது. அதை விட வைத்தவர் யார் என்று அதில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்தத் தடவை அவர் கட்சியிடம் எம்.எல்.ஏ. சீட்டுக் கேட்கவில்லை. குடியிருக்கும் வார்டுக்குக் கவுன்சிலராக நிற்கிறேன் என்றுதான் கேட்டார். வயசு அறுபத்தாறு, முழங்கால் வலி, இனி சென்னைக்கெல்லாம் அலைய முடியாது. நாலு தெருவுக்காவது சாக்கடை கட்டிவிட்டு உட்காரலாம் என்று நினைத்தார். மாவட்டச் செயலாளர் அந்த இடத்தை ராஜ்குமாருக்குக் கொடுத்துவிட்டார். ராஜ்குமார் முப்பத்திரண்டு வயசுக்காரர், ஜே.சி.பி. வண்டிகள் வைத்திருப்பவர்.

"நான் ஜெயிச்ச ஆளுங்க," என்றார் ஆஞ்சப்பன்.

"நீ எங்கப்பா ஜெயிச்ச? ஜனங்க சக்கரத்துக்குப் போட்டாங்க. அன்னிக்கு அந்த எடத்துல ஒரு கழுதைய நிறுத்தியிருந்தாலும் ஜெயிச்சிருக்கும்," என்றார் மாவட்டச் செயலாளர்.

அப்படியென்றால் நாலு தடவை தோற்றது யார், சக்கரமா, நானா என்று கேட்டிருக்கலாம். அந்தப் பதில் அவருக்கு வீடு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தோன்றியது. நல்ல பதில்களெல்லாம் அவருக்கு வாழ்நாள் முழுக்க அப்படித்தான். ஆனால் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. எனக்கென்று ஒரு ஓட்டாவது விழுந்ததா, இல்லை எல்லாமே சக்கரத்துக்கு விழுந்ததுதானா? அது தெரியாமல் சாகக் கூடாது என்று தோன்றியது. மறுநாளே சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்துவிட்டு வந்தார்.

அவர் மனைவி சாந்தம்மாவுக்குக் கோபம். தோற்பதற்காக அல்ல, தோல்வியெல்லாம் அவளுக்குப் பழகிய விருந்தாளி. சின்னம்தான் பிடிக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக எந்தத் தேர்தல் வந்தாலும் வாசலில் வண்டிச்சக்கரக் கோலம் போடுவது அவள் வேலை. பன்னிரண்டு ஆரம், நடுவில் காவியில் அச்சுக்குடம். ஒரு கோடு கோணாது.

"சக்கரத்தப் போட்ட கையால அடுப்பப் போடறதா? வாசல்ல அடுப்ப வெச்சா அந்தக் குடும்பம் உருப்படுமா?" என்றாள்.

ஆஞ்சப்பனுக்குத் துணையாக வந்தது குருமூர்த்தி ஒருவர்தான். விருதுநகர்க்காரர், பதினெட்டு வருஷமாக ஓசூர்க் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர், அந்த டவுன் பஸ்ஸில் தினமும் வந்தவர். சொந்த ஊரில் இருந்த ஓட்டை வெட்டி மத்திகிரியில் சேர்த்தது இந்தத் தேர்தலுக்காகத்தான். அவருக்கு அதில் பெருமை அதிகம். நோட்டீஸிலேயே போடச் சொல்லியிருப்பார், ஆஞ்சப்பன் தடுத்துவிட்டார்.

இருவரும் லைன் வீடுகளில் வாசல் வாசலாக ஏறி இறங்கினார்கள். ஒரு வரிசையில் பத்து வீடு இருந்தால் அதில் மூன்று பாஷை இருக்கும். ஆஞ்சப்பன் முதல் வீட்டில் தமிழில் கும்பிட்டு, அடுத்த வீட்டில் "ஓட்டு வேயண்டி" என்று தெலுங்கில் கேட்டு, அதற்கடுத்ததில் "ஓட்டு ஹாகி அம்மா" என்று கன்னடத்தில் முடிப்பார். பாஷையில் அவர் தடுமாறியதே இல்லை. தடுமாறியது சின்னத்தில்தான்.

"ஒங்களுக்குத்தான் சார், சக்கரந்தான?" என்பார்கள்.

"சக்கரம் இல்ல தாயி. அடுப்பு. ஏழாவது பட்டன்."

இதையே நூறு வாசலில் சொன்ன மனிதர், கடைசிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாப்பில் மைக்கைப் பிடித்ததும், "உங்கள் பொன்னான வாக்குகளை வண்டிச்சக்கரம் சின்னத்தில்..." என்று ஆரம்பித்துவிட்டார். எதிரே நின்ற ராஜ்குமாரின் ஆட்கள் கை தட்டினார்கள். குருமூர்த்தி பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றே குருமூர்த்தி ஒரு அட்டையில் ஏழு கட்டம் போட்டு, சின்னங்களை ஒட்டி, தெரிந்தவர் எல்லோரையும் ஏழாவதை அமுக்கிப் பழக வைத்தார். ஆஞ்சப்பனையும் பத்து முறை அமுக்க வைத்தார். அட்டை சாந்தம்மாவிடம் வந்தபோது அவள் தள்ளிவிட்டாள்.

"என் புருசனுக்கு ஓட்டுப் போட எனக்கே சொல்லித் தர்றியாப்பா நீ?"

ஆனாலும் தேர்தலன்று காலையில் ஆஞ்சப்பன் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு கோலம் இருந்தது. நீளமாக ஒரு கட்டம், உள்ளே இரண்டு வட்டம். அடுப்பு போலவும் இருந்தது, மூக்குக்கண்ணாடி போலவும் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்காதபடி துண்டால் துடைத்துக்கொண்டார்.

இருவரும் சேர்ந்தே ஓட்டுச் சாவடிக்குப் போனார்கள். தடுப்புக்குப் பின்னால், மெஷின் முன்னால் நின்றபோது ஆஞ்சப்பனின் விரல் தானாக இரண்டாவது பட்டனுக்குப் போனது. அங்கே இருந்தது வண்டிச்சக்கரம். விரல் பட்டனைத் தொட்டும்விட்டது. வியர்த்துப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். ஒன்று, இரண்டு என்று மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்து ஏழாவதை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது, பீப் சத்தம் கேட்டது.

வெளியே வந்ததும், "நம்ம அடுப்பு பத்திகிச்சு சாந்தா! ஏழாவதுல செகப்பு லைட்டு நல்லா எரிஞ்சுது," என்றார் குழந்தை மாதிரி.

அவள் மை வைத்த விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றாள். "வெயிலு. தல சுத்துது. போலாம்," என்றாள். அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. என் வெற்றிக்காக விரதம் இருக்கிறாள் போல என்று ஆஞ்சப்பன் நினைத்துக்கொண்டார்.

ஓட்டு எண்ணும் நாள் வந்தது. ராஜ்குமார் ஆயிரத்து நாற்பத்தேழு. ஆஞ்சப்பன் ஆயிரத்து நாற்பத்தாறு. குருமூர்த்தி மேஜையைத் தட்டி, மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் அதே கணக்குத்தான் வந்தது. ராஜ்குமார் மாலையோடு வந்து குனிந்து காலைத் தொட்டார். "ஒரே ஓட்டுங்கண்ணா. இத ஜெயிச்சேன்னு சொல்லிக்கவே எனக்குக் கூச்சமா இருக்குது," என்றார். பையன் நல்ல பையன்தான். ஆஞ்சப்பன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

தோற்றது வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஆட்டோவில் வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் மனசு வேறொரு எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தது. ஆயிரத்து நாற்பத்தாறு. சக்கரம் இல்லாமல், கொடி இல்லாமல், ஒரு கேஸ் அடுப்பை நீட்டிக் கேட்டதற்கு, ஆயிரத்து நாற்பத்தாறு பேர். கழுதைக்கு இவ்வளவு விழாது.

குருமூர்த்தியால்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததுமே வாக்காளர் பட்டியலை விரித்துவிட்டார்.

"அந்த ஒத்த ஓட்டு யாரோடதுன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன் அய்யா. இந்தா இருக்குல்ல! நாலாவது லைன் சுகுணா. வரவே இல்ல. அத்திப்பள்ளியில வேல பாக்கா. தமிழ்நாட்டுல எலெக்சன்னா கர்நாடகாக் கம்பெனிக்காரன் லீவு தருவானா? பெர்மிசன் கேட்டாவது வந்திருக்கலாம்ல? இப்பவே போயி நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்."

அவர் எழுந்து வாசல்வரை போய்விட்டார். சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. சாந்தம்மா வெளியே வந்தாள்.

"அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதப்பா. நில்லு."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் வெளிறியிருந்தது. வலது கையை இடது கையால் இறுகப் பிடித்திருந்தாள்.

"நான்தான். ஏழு ஏழுன்னு நெனச்சுகிட்டேதான் போனேன். சக்கரத்தப் பாத்ததும் கை தானாப் போயிடுச்சு. சத்தம் கேட்ட பொறவுதான் தெரிஞ்சுது. இன்னொரு தடவ போடறேன்னு அந்த ஆபீசர்கிட்டக் கெஞ்சுனேன். முடியாதுன்னுட்டாரு. நான் ஒழுங்காப் போட்டிருந்தா அவனுக்கு ஒண்ணு கொறஞ்சு, ஒங்களுக்கு ஒண்ணு ஏறியிருக்கும். பெத்த புள்ளைக்குச் சோத்துல மண்ண அள்ளிப் போட்ட மாதிரி பண்ணிட்டேன்."

அவள் விம்மி அழுதாள். குருமூர்த்தி வாசலிலிருந்து உள்ளே திரும்பி வந்தார். இந்தக் கதை நாளைக் காலை டீக்கடைக்குப் போய்விடும், ஊர் அவள் பின்னால் சிரிக்கும் என்று ஆஞ்சப்பனுக்குத் தெரியும். தன்னைப் பார்த்துச் சிரித்தால் பழகிப்போயிற்று. அவளைப் பார்த்துச் சிரிக்க அவர் விட மாட்டார்.

"அட, நீயுமா?" என்றார்.

சாந்தம்மா நிமிர்ந்தாள்.

"நானும் சக்கரத்துக்குத்தான் போட்டேன். மைக்குல ஒளறினவன் மெஷின்ல மட்டும் ஒழுங்கா இருப்பேனா? வெளிய சொன்னா மானம் போயிடும்னு மூடிகிட்டு இருந்தேன்," என்றார் ஆஞ்சப்பன்.

குருமூர்த்தி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அடப் பாவிகளா! அப்ப மூணு ஓட்டுல ஜெயிச்சிருப்போமேய்யா! நான் ஊர் ஓட்ட வெட்டிட்டு வந்து இங்கன போடுதேன், நீங்க வீட்டோட போயி எதிராளிக்குப் போட்டுட்டு வாரீக!"

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஞ்சப்பனும் சிரித்தார். பட்டியலைச் சுருட்டிக்கொண்டு, சிரித்தபடியே குருமூர்த்தி தெருவில் இறங்கிப் போனார். நேரே டீக்கடைக்குத்தான் போயிருப்பார். தனக்கே ஓட்டுப் போடாத எம்.எல்.ஏ. என்று இனி ஆயுசுக்கும் சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சாந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"ஏழாவதுல செகப்பு லைட்டு எரிஞ்சுதுன்னு அன்னிக்கு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேனா?" என்றார் ஆஞ்சப்பன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. "ரெண்டு நாளா நீ சாப்படல. வா, மொதல்ல சாப்புடலாம்."