தொட்டிக்குப் போன சோறு

பெருமைக்குச் சொன்ன ஒரு வார்த்தைதான் ரேணுகாம்பாளின் தலையில் விடிந்தது.

கிரிவலப் பாதையை ஒட்டிய அந்தப் பள்ளியில் பதினோரு வருடமாகச் சத்துணவு சமைக்கிறவள் அவள். போன மாதம் பசுமைப் பள்ளி விருதுக்காக ஆய்வுக்கு வந்த அதிகாரி, "தினமும் எவ்ளோ சாப்பாடு வீணாவுதும்மா?" என்று கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எம் பசங்க ஒரு பருக்க வெக்காதுங்க சார்" என்றாள். மெச்சுவார் என்று நினைத்தாள். அவரோ உணவுக்கழிவு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டுப் போனார். கழிவே இல்லாத பள்ளி எப்படி உரம் தயாரிக்கும்? உரம் தயாரிக்காத பள்ளிக்கு எப்படி விருது கொடுப்பார்கள்? அரசாங்கக் கணக்கு அப்படி.

அவள் சொன்னதில் பொய் இல்லை. பசங்கள் சாப்பிட்டு எழுந்ததும் அண்டாவைச் சுரண்டி, மிஞ்சியதை ஐந்தாம் வகுப்பு இனியாவின் டப்பாவில் அடைத்துவிடுவாள். இனியாவின் அம்மா டவுன் லாட்ஜில் துணி துவைத்துவிட்டு வீடு திரும்ப ஒன்பது மணியாகும். இனியாவுக்கும் தம்பி மாறனுக்கும் அந்த டப்பாதான் ராத்திரிச் சாப்பாடு. பௌர்ணமியன்று இந்தப் பாதையில் தடுக்கி விழுந்தால் அன்னதானம். மற்ற நாளில் யார் கேட்கிறார்கள்?

இன்று மதியம் தலைமை ஆசிரியர் கோதண்டராமன் சமையல்கட்டுக்கே வந்துவிட்டார்.

"ரேணுகாம்மா, மூணு மணிக்கு மறுபடியும் வராங்க. உரத் தொட்டில முட்ட ஓடும் காய்த்தோலும்தான் கெடக்குது. அந்தச் சோத்தக் கொட்டிடுங்க."

"நல்ல சோறு சார். இனியாவுக்கு எடுத்து வெச்சது."

"வீட்டுக்குக் குடுத்து அனுப்பறதே தப்பு. தெரிஞ்சும் நான் கண்டுக்காம இருந்தேன். இன்னிக்கு அத நோண்டுனாங்கன்னா உங்க வேலதான் போவும்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். திட்டவும் முடியவில்லை. டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்தாள். சாம்பார் சாதம், சூடுகூட ஆறவில்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி மேலே காய்ந்த சருகைப் பரப்பி, சாணித் தண்ணீர் தெளித்தாள்.

மூன்று மணிக்கு வந்த அதிகாரி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நன்றாகப் பேசுகிற பிள்ளை என்று இனியாவைத்தான் முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

"வீணாப்போற சாப்பாட்ட நாங்க உரமாக்குறோம் சார். அந்த உரத்துல கீர வளக்குறோம்" என்று அவள் தங்குதடையில்லாமல் ஒப்பித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். ரேணுகாம்பாளும் தட்டினாள். தட்டாமல் என்ன செய்வாள்?

"பிரமாதம். இனிமே தெனமும் மிஞ்சுன சோத்த தொட்டில கொட்டறத ஃபோட்டோ எடுத்து குரூப்ல போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி வண்டியேறினார்.

நாலரை மணிக்கு இனியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். கழுவிக் கவிழ்த்திருந்த டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தாள்.

"இன்னிக்கு மிஞ்சலியா ஆயா?"

"மிஞ்சல கண்ணு."

"பரவால்ல. மாறன சீக்கிரம் தூங்க வெச்சிடுறேன். நாளிக்கு டப்பாவ எடுத்தாரேன்."

ரேணுகாம்பாள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எடுத்தாராத கண்ணு" என்றாள்.