பரவாயில்லை என்றவர் யார்

பட்டறையில் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக் ‘குக்கர்’ என்று பெயர். தேநீர் ஆறியிருந்தாலும் சரி, திருப்புளி இடம் மாறியிருந்தாலும் சரி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்துவிடுவார். அவருடைய இன்னொரு பக்கம் மனைவிக்கு மட்டுமே தெரியும். உடம்புக்கு உண்மையாகவே முடியாமல் போனால் வசவு நின்றுவிடும். பிறகு எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “பரவாயில்ல.” குடல்வால் வெடித்த அன்றும் இதையே சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறியவர் அவர். ‘தேறிவிட்டது’ என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. ‘எனக்காகச் சிரமப்படாதே’ என்றும் உண்டு. அவர் வாயில் முதற்பொருள் ஒருநாளும் இருந்ததில்லை.

லிஃப்ட் குழியில் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. நான்காம் நாள் வார்டுக்குள் ஃப்ளூ காய்ச்சல் புகுந்தது. முதலில் பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். பிறகு இவருக்கும் காய்ச்சல் கண்டது. பார்வையாளர்களைத் தடுத்துவிட்டார்கள். அவருடைய கைப்பேசி குழியிலேயே நொறுங்கிப் போயிருந்ததால், காலை பதினொரு மணிக்கு வார்டை அழைத்து விசாரிப்பது ஒன்றே வழியாக இருந்தது.

மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் காலர் தைப்பவள். பதினொன்றானதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று அழைத்தாள்.

“பரவாயில்லம்மா. மாத்திரை குடுத்திருக்கோம்” என்றாள் செவிலி.

போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த இயந்திரக்காரி கண்ணடித்தாள். “என்னக்கா, குக்கர் விசில் அடிச்சுதாமா?”

“அடிக்காம இருக்குமா? அந்த சிஸ்டரோட காதுதான் பாவம்.”

மறுநாளும் அதே பதில்தான் கிடைத்தது. மூன்றாம் நாள் கொஞ்சம் சிரிப்போடு கேட்டாள்: “ரொம்பத் திட்டுறாரா சிஸ்டர்?”

“அவரா? தங்கமான மனுஷன்மா. தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூட வேணாம்னுடுறாரு. இருக்கிற இடமே தெரியல.”

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

“சிஸ்டர், பரவாயில்லன்னு சொன்னீங்களே. அது நீங்க பாத்து சொன்னதா, அவர் சொன்னதா?”

“அவர்தான் சொன்னாரு. தினமும் கேக்குறேன்ல?”

“அவர் நல்லா இருந்தா இந்நேரம் உங்கள ஒரு வழி பண்ணியிருப்பாரும்மா! டாக்டரக் கூப்பிடுங்க. அவர் பேச்சக் கேக்காதீங்க, மூச்சப் பாருங்க!”

“நாப்பது கட்டில் இருக்கும்மா, ரெண்டு பேரு லீவு. பாக்குறேன், வைங்க.”

பாதி தைத்த காலரை ஊசியடியிலேயே விட்டுவிட்டு அவள் ஓடினாள்.

வார்டு வாசலில் அவள் போட்ட கூச்சலைக் கேட்டு ஓர் இளம் மருத்துவர் வெளியே வந்தார். எலும்பு மருத்துவர் தினமும் வந்து கட்டுப்போட்ட காலை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இவர் குறிப்பேட்டைப் புரட்டினார். மூச்சு எண்ணிக்கைக்கான வரிசையில், எல்லாக் கட்டங்களிலும் இருபது. யாரும் எண்ணாத எண் அது. மருத்துவர் கட்டிலருகே நின்று, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினார். முப்பத்தெட்டு. மெக்கானிக்கின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. வாசலில் நிற்கும் மனைவியைக் கண்டதும் அவை அசைந்தன. என்ன சொன்னார் என்பதை அவள் காதால் கேட்கத் தேவையிருக்கவில்லை.

“ரெண்டு நுரையீரல்லயும் நிமோனியாம்மா” என்றார் மருத்துவர் பிறகு. “ஃப்ளூவோட வேற கிருமியும் சேந்திருக்கு. முந்தாநாளே கண்டுபிடிச்சிருந்தா...”

தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் இறக்கினார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் ஒரே ஒரு வசவுக்காகக் காத்திருந்தாள். குழாய் இறக்கிய ஐந்தாம் நாள் முற்பகலில் அவர் இறந்தார்.

பழைய வார்டில் தங்கிவிட்ட பையை வாங்கப் போனாள். மூக்குக்கண்ணாடி, சீப்பு, சட்டைப்பையில் எப்போதும் செருகியிருக்கும் சின்னத் திருப்புளி. எடுத்துக்கொடுத்த செவிலியின் கண்கள் வீங்கியிருந்தன.

“என் மேல கோவமாம்மா?”

பரவாயில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அதை விழுங்கினாள்.

“ஒரு நிமிஷம் நின்னு எண்ணியிருக்கலாம் சிஸ்டர்” என்றாள். “நானும் மொத நாளே கேட்டிருக்கலாம், யாரு சொன்னதுன்னு. எனக்குப் புடிச்ச மாதிரி காதுல வாங்கிக்கிட்டேன்.”

செவிலி தலை குனிந்தபடி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். மனைவி பையோடு வாசலைத் தாண்டும்போது செவிலியின் குரல் பின்னால் கேட்டது.

“ஐயா, எப்படி இருக்கு?”

“பரவாயில்லம்மா.”

காலடி நகரும் ஓசைக்காக மனைவி நின்றாள். கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். செவிலி போர்வையை விலக்கிவிட்டு, ஒரு கண் கைக்கடிகாரத்திலும் ஒரு கண் அந்த மார்பிலுமாக, உதடசைய எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிடம் முடிவதற்குள் நிமிர்ந்து, “டாக்டர்!” என்று கத்தினாள்.